எண்ணிக்கை போட்டால் கடினம், விலை போட்டால் எளிது: புரத வரிசை வடிவமைப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு புரதத்தின் வடிவம் கையில் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு மடியக்கூடிய அமினோ அமில வரிசை எது? மருந்து, நொதி, தடுப்பூசி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். வரிசையைக் கொடுத்து வடிவத்தைக் கேட்பது மடிப்புக் கணிப்பு. வடிவத்தைக் கொடுத்து வரிசையைக் கேட்பது அதன் தலைகீழ்.

தலைகீழ்க் கேள்வியில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு வரிசையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல வேண்டுமானால், நாம் விரும்பும் வடிவத்தில் அதன் ஆற்றல் குறைவாக இருந்தால் மட்டும் போதாது (ஒரு வரிசை தன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வடிவத்துக்கே மடியும் என்பது இங்கே அடிப்படை). அதே வரிசை எடுக்கக்கூடிய மற்ற எல்லா வடிவங்களிலும் ஆற்றல் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 'இப்படி ஒரு வரிசை உண்டா' என்பதற்குள்ளேயே 'எல்லா வடிவத்துக்கும் இது பொருந்துமா' என்ற இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. அதனால் 1990களில் பலர் ஒரு குறுக்கு வழி எடுத்தார்கள்: மற்ற வடிவங்களை மறந்துவிடலாம், இலக்கு வடிவத்தில் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் வரிசையை மட்டும் தேடலாம். 'வரிசை வடிவமைப்பு' என்று அந்தக் காலக் கட்டுரைகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

வேலையை எளிதாக்கத்தான் இந்தக் குறுக்கு வழி. உண்மையில் எளிதாக்கியதா? 1997இல் வில்லியம் ஹார்ட் அதையே ஆய்வுப் பொருளாக்கி, புழக்கத்தில் இருந்த இரண்டு முறைகளை எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும் அந்த இரண்டில் ஒன்று கடினம் என்றும் மற்றது எளிது என்றும் முடிவு வந்தது. கணினிக் கணக்கில் 'எளிது' என்றால், சங்கிலி நீண்டாலும் கட்டுக்கடங்கிய நேரத்தில் விடை தரும் வழி உண்டு; 'கடினம்' என்றால், எல்லா நேர்வுக்கும் அப்படி ஒரு வழி இல்லை என்று நம்பப்படுகிறது. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

இரண்டு முறைகள்

இரண்டுக்கும் அடித்தளம் ஹெச்பி மாதிரி. கென் டில் 1980களில் முன்வைத்த எளிமை இது. 20 அமினோ அமிலங்களையும் இரண்டே வகையாகப் பிரிக்கிறது: நீரை வெறுப்பவை ஹெச், நீரோடு ஒத்துப்போகிறவை பி. நீரை வெறுப்பவை உள்ளே ஒன்றுசேர்ந்து மையமாகத் திரள்கின்றன, அதுவே மடிப்பின் முக்கிய உந்துதல் என்பது கருத்து. சங்கிலியில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு ஹெச்கள் வடிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் அது ஒரு தொடர்பு. ஆற்றல் ஒன்று குறையும்.

இப்போது வடிவம் நிலையாக இருக்கிறது. எந்தெந்த இடத்தில் ஹெச் போடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. எல்லா இடத்திலும் ஹெச் போட்டால் தொடர்பு எண்ணிக்கை உச்சத்துக்குப் போய்விடும். ஆனால் அந்த வரிசையால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கச்சிதமான வடிவமும் அதற்கு ஒன்றுதான். அதனால் எப்படியாவது ஹெச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டு முறைகளும் பிரிவது இங்கேதான்.

கானானிக்கல் முறை: ஷக்னோவிச்சும் குட்டினும் 1993இல் பயன்படுத்தியது. சேர்மானத்தை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவார்கள். ஹெச்பி மாதிரியில் அதற்கு 'இத்தனை ஹெச்தான், அதற்கு மேல் இல்லை' என்று அர்த்தம்.

கிராண்ட் கானானிக்கல் முறை: சன், பிரெம், சான், டில் ஆகியோர் 1995இல் கொடுத்தது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. பதிலாக, ஒவ்வொரு ஹெச்சும் நீருக்கு எவ்வளவு வெளிப்பட்டிருக்கிறதோ அந்தப் பரப்புக்கு ஏற்ப ஒரு தண்டம் கட்ட வேண்டும். நெருங்கி நிற்கும் ஹெச் இணைகளுக்குப் பரிசு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹெச்சுக்குத் தண்டம். இரண்டையும் கூட்டினால் ஆற்றல்.

ஒன்று எண்ணிக்கை போடுகிறது, மற்றது விலை போடுகிறது. ஏதோ கணக்கு வசதிக்காகச் செய்த மாற்றம் மாதிரிதான் தெரியும்.

ஒன்பது இடங்களில் ஒரு சோதனை

மூன்றுக்கு மூன்று சதுரக் கட்டத்தில் ஒன்பது அலகுச் சங்கிலி ஒன்றை வளைத்து வளைத்து வைப்போம். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3. நடு வரிசையில் வலமிருந்து இடமாக 4, 5, 6. கீழ் வரிசையில் மீண்டும் இடமிருந்து வலமாக 7, 8, 9. கட்டத்தில் பக்கத்துப் பக்க இணைகள் மொத்தம் 12. அதில் 8 சங்கிலிக்கே போய்விடும். மீதி நான்கும் தொடர்புகள்: 1-6, 2-5, 5-8, 4-9.

முதலில் எண்ணிக்கை முறை. மூன்று ஹெச் மட்டும் அனுமதி என்றால் 2, 5, 8 ஆகிய இடங்களில் போட வேண்டும். இரண்டு தொடர்புகள் கிடைக்கும். நான்கு அனுமதித்தாலும் இரண்டுதான். ஐந்து அனுமதித்தால் 1-6 அல்லது 4-9 சேர்ந்து மூன்றாகும். ஏழு அனுமதித்தால் நான்கு. அதற்கு மேல் லாபமில்லை.

அடுத்து விலை முறை. மூலை இடங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் வெளிப்பட்டிருக்கிறது. ஓரத்து நடு இடங்களுக்கு ஒரு பக்கம். நடுவில் இருக்கும் 5-க்கு ஒன்றுமில்லை. ஒரு தொடர்புக்குப் பரிசு 1, வெளிப்பட்ட ஒரு பக்கத்துக்குத் தண்டம் 0.6 என்று வைப்போம். 2, 5, 8 எடுத்தால் பரிசு 2, தண்டம் 1.2, நிகரம் 0.8. 1-6 இணையைச் சேர்த்தால் பரிசு 1, தண்டம் 1.8. வேண்டாம். ஆக மூன்று ஹெச். தண்டத்தை 0.3 ஆகக் குறைத்தால் 1-6 இணைக்கு 0.1 லாபம் வருகிறது, 4-9க்கும் அப்படியே. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிடும்; ஹெச் எண்ணிக்கை ஏழு.

தண்டத்தை எப்படித் திருகினாலும் விடை மூன்றிலிருந்து நேராக ஏழுக்குத் தாவுகிறது. தண்டம் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்காக இருந்தால் மட்டும் ஐந்து சமநிலையில் வந்து போகும். சரியாக நான்கு ஹெச் வேண்டும் என்பவருக்கு இந்தத் திருகால் பயனில்லை. வெளிப்பாட்டை விட்டுவிட்டு ஹெச் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்தாலும் இதே தாவல்தான். விலை முறை எளிதாக இருப்பதற்கு அது கொடுக்கும் விலை இது: எல்லா எண்ணிக்கைக்கும் விடை சொல்ல அது கடமைப்படவில்லை, தனக்கு வசதியான சில எண்ணிக்கைகளில் மட்டும் நிற்கிறது.

விலை ஏன் எளிது

1999இல் ஜான் க்ளைன்பெர்க் கிராண்ட் கானானிக்கல் முறையை ஓட்டம்-வெட்டுக் கணக்காக மாற்றிக் காட்டினார். ஒரு குழாய் வலையில் அதிகபட்சம் எவ்வளவு ஓட முடியும், எந்தக் குழாய்களை வெட்டினால் மிகக் குறைந்த செலவில் ஓட்டம் நிற்கும் என்று கேட்பது அது; இரண்டுக்கும் விடை ஒரே எண். யோசனை பழையது. ஒரு பட்டறையில் பல வேலைகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கூலி உண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கருவிகள் வேண்டும், கருவியை ஒருமுறை வாங்கினால் போதும், வேறு வேலைக்கும் உதவும். எந்த வேலைகளை ஏற்றால் லாபம் அதிகம்? இங்கே வேலை என்பது தொடர்பு, கருவி என்பது ஹெச் போடும் இடம், கருவியின் விலை வெளிப்பாட்டுத் தண்டம்.

மூல முனையிலிருந்து ஒவ்வொரு தொடர்புக்கும் கொள்ளளவு 1 உள்ள குழாய் ஒன்று. தொடர்பிலிருந்து அதன் இரண்டு இடங்களுக்கும் எல்லையற்ற கொள்ளளவு. இடத்திலிருந்து சேருமிடத்துக்குத் தண்டத்தின் அளவு. நம் ஒன்பது இடக் கணக்கில், தண்டம் 0.6 என்றால், 2-5 தொடர்பு இடம் 2 வழியாக 0.6 மட்டும் தள்ள முடியும், ஏனென்றால் 5-க்குத் தண்டமே இல்லை. 5-8 தொடர்பும் அதேபோல் 0.6. மற்ற இரண்டும் முழுதாக 1, 1. மொத்த ஓட்டம் 3.2. பரிசுகளின் கூட்டுத்தொகை 4-இலிருந்து கழித்தால் 0.8. மேலே கையால் போட்ட நிகரம் அதேதான்.

ஓட்டக் கணக்குக்குப் பல்லுறுப்பு நேர அல்காரிதம்கள், அதாவது அளவு கூடினாலும் கட்டுக்கடங்கிய நேரத்தில் முடியும் வழிமுறைகள், பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. இன்னொரு வசதியும் உண்டு: தண்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஹெச் தொகுதி வளர மட்டுமே செய்யும், முன்பு எடுத்த இடம் எதுவும் வெளியே போகாது. அதனால் எல்லாத் தண்ட மதிப்புகளுக்கும் சேர்த்து விடைகளை ஒரே தொடராகப் பெறலாம்.

இந்த எளிமை நிற்பது ஒரே ஒரு காலில். இணைகள் எல்லாமே ஈர்ப்பாக இருக்க வேண்டும். 'இந்த இரண்டு இடத்திலும் ஹெச் இருந்தால் முட்டிக்கொள்ளும், தண்டம் கூடும்' என்று ஒரே மாதிரியில் சில விலக்கங்களையும் அனுமதித்தால் வெட்டுக் கணக்கு உடைந்துவிடும். அந்தப் பொது வடிவம் என்.பி.-கடினம்; மேலே சொன்ன 'கடினம்' என்பதற்குக் கணினியியல் வைத்திருக்கும் பெயர் இது.

எண்ணிக்கை ஏன் கடினம், எங்கே கடினம் இல்லை

முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட படம் கோட்டுரு. இங்கே சங்கிலியின் இடங்கள் முனைகள், தொடர்புகள் கோடுகள். எண்ணிக்கை முறையை அந்தக் கோட்டுரு மொழியில் சொன்னால்: கொடுத்த கோட்டுருவில் குறிப்பிட்ட எண்ணிக்கை முனைகளை எடு, அவற்றுக்குள் ஓடும் கோடுகள் அதிகபட்சமாக இருக்கட்டும். அடர்ந்த உட்கோட்டுரு என்று பெயர் பெற்ற கணக்கு இது. ஒவ்வொரு முனையிலும் அதிகபட்சம் மூன்று கோடுகள்தான் என்று கட்டுப்படுத்தினாலும் இது என்.பி.-கடினம் என்பது தெரிந்ததே. எனவே கானானிக்கல் முறை கடினம் என்ற முடிவு யாருக்கும் வியப்பாக இருந்திருக்காது.

ஆனால் புரத வடிவத்திலிருந்து வரும் கோட்டுரு ஏதோ ஒரு கோட்டுரு அல்ல. கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெர்மன், தாஸ்குப்தா உள்ளிட்ட ஆறு பேர் 2004இல் கட்டத்தில் அமைந்த வடிவங்களுக்கான கானானிக்கல் கணக்கை மறுபடி திறந்து பார்த்தார்கள். முப்பரிமாணக் கட்டத்தில் இது கடினம் என்பதற்கு அதுவரை இருந்த சான்று, இருபரிமாணக் கட்டத்தில் கடினம் என்பதன் மேல் கட்டப்பட்டிருந்தது. அந்த அடித்தளம் சரியில்லை. இருபரிமாணத்தில் கணக்கு எளிது என்று காட்டினார்கள்.

ஏன் எளிது என்பதைத் தாளில் வரைந்தே பார்த்துவிடலாம். சதுரக் கட்டத்தில் ஒரு இடத்துக்கு நான்கு அண்டை இடங்கள். அதில் இரண்டைச் சங்கிலியின் முன்னும் பின்னும் இருக்கும் அலகுகள் பிடித்துக்கொள்ளும். தொடர்புக்கு மிஞ்சுவது இரண்டு. சங்கிலியின் இரு முனைகளுக்கு மட்டும் மூன்று. ஒவ்வொரு முனையிலும் அதிகபட்சம் இரண்டே கோடுகள் உள்ள கோட்டுரு என்றால் அது வெறும் பாதைகளும் வளையங்களும்தான். நம் ஒன்பது இட வடிவத்தில் 2-5-8 ஒரு பாதை, 1-6 ஒரு பாதை, 4-9 ஒரு பாதை. வளையத்தை முழுதாக எடுத்தால் முனைக்கு ஒரு கோடு கிடைக்கும். பாதையை எடுத்தால் முனைகளைவிட ஒரு கோடு குறைவு. எனவே எண்ணிக்கைக்குள் எந்த வளையங்கள் அடங்கும் என்று பை நிரப்பும் கணக்குப் போட்டு, மீதியை நீளமான பாதைகளிலிருந்து நிரப்பினால் முடிந்தது. அந்தக் கணக்கு பொதுவாகக் கடினம் என்றாலும், இங்கே எண்கள் சங்கிலி நீளத்தைத் தாண்டாததால் சிறு அட்டவணையிலேயே அடங்கிவிடும். மூன்று கோடுள்ள இரண்டு முனைகளைத் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம்.

முப்பரிமாணக் கட்டத்தில் அண்டை இடங்கள் ஆறு. சங்கிலிக்கு இரண்டு போக மீதி நான்கு. பாதை, வளையம் என்ற சௌகரியம் போய்விடுகிறது. அந்த நிலையில் கணக்கு உண்மையிலேயே என்.பி.-முழுமை (என்.பி.-கடினம், ஆனால் கையில் கிடைத்த விடையைச் சரிபார்ப்பது எளிது) என்று அதே கட்டுரை, கோட்டுருவில் மிகப் பெரிய முழு இணைப்புக் குழுவைத் தேடும் கணக்கிலிருந்து புதிய சான்று கொடுத்தது. கூடவே, உச்ச விடைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கிப் போகும் தோராய அல்காரிதமும் கொடுத்தது. 'கடினம்' என்ற முத்திரையைப் பார்த்ததும் கட்டுரையை மூடிவைப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைத் தவறவிட்டுவிடுவார்கள்.

ஆற்றல் குறைந்தது, மடிப்பு கிடைத்ததா?

இதுவரை பேசியதெல்லாம் குறுக்கு வழிக்குள்ளேயே. அந்த வழி போய்ச் சேருமிடம் சரிதானா?

மூன்று ஹெச் விடையை எடுத்துக்கொள்வோம்: பி-ஹெச்-பி-பி-ஹெச்-பி-பி-ஹெச்-பி. சதுரக் கட்டத்தில் 2, 5, 8-க்குள் 2-5, 5-8 ஆகிய இரண்டு தொடர்புகள்தான் சாத்தியம். சதுரக் கட்டத்தில் ஒற்றை எண் இடமும் இரட்டை எண் இடமும்தான் பக்கத்தில் வர முடியும்; 2-உம் 8-உம் இரண்டும் இரட்டை எண் இடங்கள், அவை அடுத்தடுத்து வரவே முடியாது. ஆக நம் வடிவத்தில் இந்த வரிசை தன் குறைந்தபட்ச ஆற்றலைத் தொட்டுவிட்டது. வடிவமைப்புக் கணக்கின் பார்வையில் முழு மதிப்பெண்.

ஆனால் அதே ஆற்றலோடு வேறு எத்தனை வடிவங்கள்? 2, 3, 4, 5 ஒரு சிறு சதுரமாக உட்கார வேண்டும். 5, 6, 7, 8 அதற்குக் குறுக்கெதிரே இன்னொரு சதுரம். இரண்டாவது சதுரத்தை இரண்டு திசையில் சுற்றலாம். வால் அலகுகளான 1-உம் 9-உம் எங்கே நிற்கிறது என்பதைப் பற்றி ஆற்றலுக்குக் கவலையே இல்லை. ஒரு திசையில் சுற்றினால் வால்களுக்கு நான்கு வழி. மறு திசையில் இரண்டு வால்களும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதால் மூன்று. திருப்பியும் கண்ணாடியில் புரட்டியும் ஒன்றாகும் வடிவங்களை ஒன்றாக எண்ணினால் மொத்தம் ஏழு. நாம் கேட்ட வடிவம் ஏழில் ஒன்று.

இதைச் சரிசெய்வதற்கு எதிர்மறை வடிவமைப்பு என்று பெயர்: வேண்டிய வடிவத்தைத் தாங்குவதோடு வேண்டாத வடிவங்களைக் கெடுக்கவும் வேண்டும். குறுக்கு வழியில் தூக்கிப் போட்ட 'மற்ற எல்லா வடிவங்களும்' இங்கே வந்து வாசலில் நிற்கின்றன. ஹெச்பி மாதிரியில் மடிப்புக் கணிப்பே இருபரிமாணத்திலும் முப்பரிமாணத்திலும் என்.பி.-கடினம் என்று 1998இல் இரு குழுக்கள் காட்டியிருக்கின்றன. எனவே ஒரு வரிசை சரிதானா என்று சோதிப்பதே லேசான வேலை இல்லை. கடினமான கணக்கை எளிய கணக்காக மாற்றிவிட்டோம் என்று சொல்லும்போது, கேள்வியையே மாற்றிவிட்டோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஹார்ட் கட்டுரையின் சாரமும் எனக்கு இதுவாகத்தான் படுகிறது.

கட்டத்துக்கு வெளியே

உண்மையான புரத வடிவமைப்பில் 20 அமினோ அமிலங்களும் உண்டு. ஒவ்வொன்றின் பக்கச் சங்கிலியும் எடுக்கக்கூடிய நிலைகளை ரோட்டாமர் என்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ரோட்டாமரைத் தேர்ந்து, இணை ஆற்றல்களின் கூட்டுத்தொகையைக் குறைக்க வேண்டும். இணைகளில் ஈர்ப்பும் உண்டு, முட்டலும் உண்டு. வெட்டுக் கணக்குக்கு இருந்த ஒற்றைக் கால் இங்கே இல்லை. பியர்ஸும் வின்ஃப்ரீயும் 2002இல் இது என்.பி.-கடினம் என்று நிறுவினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஐந்து வருடம் முன்பே தாஹியாத்தும் மேயோவும் இந்தக் கணக்கை ஒரு நிஜ நேர்வில் தீர்த்து முடித்திருந்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கொண்ட துத்தநாக விரல் என்ற சிறு புரத வடிவத்துக்கு 1.9 × 10²⁷ வரிசைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, ஆய்வகத்தில் செய்து, அது எதிர்பார்த்தபடியே மடிகிறது என்று காட்டினார்கள். கையில் இருந்த ஆயுதம் 1992இல் வந்த முட்டுச்சந்து நீக்கம்: ஒரு ரோட்டாமரின் மிக நல்ல நிலையே இன்னொன்றின் மிக மோசமான நிலையைவிட மோசம் என்றால், முதலாவதை யோசிக்காமல் தூக்கிப் போடலாம். இப்படிக் கழித்துக்கொண்டே போய் ஒன்று மட்டும் மிஞ்சினால், அது நிச்சயமாக மிகச் சிறந்த விடை. எல்லா நேர்விலும் ஒன்றுவரை கழியும் என்று உத்தரவாதம் கிடையாது. என்.பி.-கடினம் என்பது அந்த உத்தரவாதத்தைப் பற்றிய பேச்சு மட்டுமே.

10²⁷ என்ற எண்ணைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இன்னொன்று. சார்ஸ்-கோவி-2 வைரஸின் ஸ்பைக் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள். அதே புரதத்தைத் தரக்கூடிய எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) வரிசைகள் சுமார் 2.4 × 10⁶³². இவற்றில் மிக நிலையாக மடியும் வரிசையை 2023இல் வெளியான லீனியர்டிசைன் அல்காரிதம் 11 நிமிடத்தில் கண்டுபிடிக்கிறது. தேடும் வெளி எவ்வளவு பெரிது என்பதற்கும் கணக்கு எவ்வளவு கடினம் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. எம்ஆர்என்ஏ கணக்கில் கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறி) தேர்வுகள் மூன்று மூன்று எழுத்துக்குள் அடங்கியவை, மடியும்போது சேரும் எழுத்து இணைகள் அடைப்புக்குறி போல ஒன்றுக்குள் ஒன்று உட்காருகின்றன, அதனால் துண்டு துண்டாகத் தீர்த்து ஒட்டலாம். அதைவிட முக்கியமாக, இன்ன வடிவம்தான் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வரிசையையும் வடிவத்தையும் சேர்த்தே தேடி, எங்கே ஆற்றல் குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். 'மற்ற எல்லா வடிவமும்' என்ற சிக்கல் கேள்வியிலேயே இல்லை.

ஆர்என்ஏவுக்கு இந்த வடிவம்தான் வேண்டும் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. மடிப்புக் கணிப்பு இங்கே எளிது. முடிச்சில்லாத, அதாவது இணைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாத அமைப்புகளுக்கு, நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப நேரம் எடுக்கும் அல்காரிதம் 1980களிலிருந்தே இருக்கிறது. தலைகீழ்க் கேள்வி எளிதா கடினமா என்பதை ஆன் காண்டன் 2003இல் திறந்த கேள்வியாக முன்வைத்தார். 2018இல் பானே, ஷான்ஷெவ்ஸ்கி, சிக்கோரா மூவரும், வாட்சன்-கிரிக் இணைகளை (ஏ-யு, ஜி-சி) மட்டும் எண்ணும் மிக எளிய மாதிரியில்கூட இது என்.பி.-முழுமை என்று காட்டினார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: சில இடங்களில் இன்ன எழுத்துதான் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாமே அந்த வசதியைத் தருகின்றன என்பதால் இது செயற்கையான நிபந்தனை இல்லை. இணையாத எழுத்தே இல்லாத அமைப்புகளுக்கு மட்டும் பல்லுறுப்பு நேர வழி முன்பே கிடைத்திருந்தது. இணையாத எழுத்துகளும் கலந்து, எந்த இடத்திலும் எழுத்து விதிக்கப்படாமல், வடிவம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கும் பொதுக் கணக்கைப் பற்றி அந்தச் சான்று எதுவும் சொல்லவில்லை.